நீள விசில்

ஜூன் 2, திங்கள்

இன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் இழுத்தடித்த எங்கள் காவலர் பயிற்சிப் பள்ளித் துணை முதல்வர் ஐயா, கடைசியில் ஒரு பேனாவை எடுத்து என் மனுவில் கையெழுத்துப் போட்டே விட்டார். புதிதாக வந்திருக்கும் பெண் பயிற்சிக் காவலர்களில் ஒரு ஸ்குவாடு முழுக்க என் பொறுப்பு. தினமும் கவாத்து முடிந்து சட்ட வகுப்பு தொடங்கும்வரை என் இஷ்டம்போல், நிஜச் சம்பவம் மாதிரியே நடித்துப் பழக்கும் காட்சிப் பயிற்சி நடத்திக்கொள்ளலாம்.

ஸ்டேஷனில் இருந்த வருஷங்களில் எத்தனை புதுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். செக்‌ஷன் கேட்டால் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். எதிரே ஒரு குடிகாரன் சட்டையைக் கழற்றி வீசினால், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள். அதனால்தான் என் கொள்கை இது: கை முதலில், மண்டை பிறகு. கையைப் பழக்கிவிட்டால் மண்டை தானாகப் பின்னால் வரும். இதைச் சொன்னதும் துணை முதல்வர் ஐயா, “உதவி ஆய்வாளர் ஜெசிந்தா, நீங்க போலீஸா, கபடி கோச்சா?” என்று கேட்டார். இரண்டும்தான் ஐயா என்றேன்.

ஒரு சின்னக் கோளாறு. கிளம்பும் அவசரத்தில் பார்த்தால் என் விசில் புஸ்ஸென்று காற்றைத்தான் துப்பியது. வீட்டுக்காரர் அருளப்பன் டவுன் பஸ் கண்டக்டர். அவர் பையில் எப்போதும் உபரியாக ஒரு விசில் கிடக்கும். அதை உருவிக்கொண்டேன். “ஏட்டி, அது பஸ்ஸ நிறுத்துத விசிலு, பிள்ளையள நிறுத்த இல்ல” என்று வாசல்வரை வந்து கத்தினார். யார் காதில் விழுந்தது? ஊதிப் பார்த்தால் மைதானத்தின் அந்தக் கோடிவரை போகிறது. அரசாங்க விசில் இதன் கிட்டேகூட வராது.

ஜூன் 5, வியாழன்

முதல் காட்சி. கவாத்துப் போதகர் கொம்பையா அண்ணாச்சிதான் சங்கிலி அறுப்பவர். மீசையைத் தடவினாலே பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொள்ளும் மனுஷன், நான் கேட்டதும் லுங்கியைக் கட்டித் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். “மேடம், சின்ன வயசுல நாடகத்துல சேர ஆசை. எங்கப்பா பெல்ட்ட எடுத்துட்டாரு” என்றார்.

குழாயடியில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது பாய்ந்து, ஒருத்தி கழுத்தில் நான் போட்டுவைத்திருந்த கவரிங் செயினை அறுத்துக்கொண்டு ஓடினார். எல்லாரும் வாயைப் பிளந்து நின்றார்கள். ஒருத்தி மட்டும் வாளியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். ஒல்லி, கறுப்பு, பெயர் இசக்கிதேவி. மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் வளைத்து அண்ணாச்சியை மண்டி போட வைத்துவிட்டாள். எனக்கு மயிர் கூச்செறிந்தது.

சிக்கல் அதற்கப்புறம்தான். போதும் போதும் என்று நான் கத்துகிறேன், அவள் விடவில்லை. “ஏ தாயி, நான் களவாணி இல்ல, கொம்பையா” என்று அவர் கெஞ்சுகிறார், அப்போதும் விடவில்லை. பயமும் வெறியும் சேர்ந்தால் காது அடைத்துப்போகும், அதை நான் ஸ்டேஷனிலேயே பார்த்திருக்கிறேன். கடைசியில் என் விசில்தான் அவள் மண்டைக்குள் போயிற்று.

துணை முதல்வர் ஐயா கூப்பிட்டு, போதகர் ஒருவரின் கை ஒடிந்தாலும் இந்தக் கூத்து அன்றோடு சரி என்று சொல்லிவிட்டார். அதனால் ஒரு விதி போட்டேன். நீள விசில் கேட்டால் காட்சி முடிந்தது. பிடித்திருப்பதை விடு. ஓரடி பின்னால் வை. அட்டென்ஷனில் நில். யோசிக்கக் கூடாது. பிந்தினால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

அண்ணாச்சிக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. தைலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தடவிக்கொண்டே, “நாளைக்கு எனக்கு என்ன வேசம் மேடம்?” என்கிறார்.

ஜூன் 14, சனி

பிரமாதம் என்ற சொல்லை நான் அதிகம் எழுதுவதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

விசிலை மைதானத்தோடு விடவில்லை. எப்போது ஊதுவேன் என்று யாருக்கும் தெரியக் கூடாது. துணி துவைக்கும்போது ஊதினேன், துணி கல்லில், பிள்ளைகள் அட்டென்ஷனில். மெஸ்ஸில் ஊதினேன். பரிமாறிக்கொண்டிருந்த பிள்ளையின் கரண்டி சாம்பாருக்குள் மூழ்கியது, அவள் சிலையாக நிற்கிறாள். சமையல்காரர் ராமையா, “கரண்டிய யாரு எடுக்க மேடம்?” என்று புலம்புகிறார். எனக்கு வாயெல்லாம் பல்.

சபூரா என்று ஒரு பிள்ளை. கண்ணாடி போட்டவள், கல்லூரியில் கணக்குப் படித்தவள். எப்போது பார்த்தாலும் ஒரு கேள்வி வைத்திருப்பாள். இன்றைக்கும் கையைத் தூக்கினாள்.

“மேடம், ரோட்டுல வேற யாராச்சும் விசில் ஊதினா?”

“ரோட்டுல நானா வந்து நிப்பேன்?”

“இல்ல மேடம். டிராஃபிக், கண்டக்டர், கோயில்ல ஒழுங்குபடுத்துறவங்க, இப்படி யாராச்சும்.”

“அப்போ மண்டையை உபயோகி. இப்போ ஒரு சுற்று ஓடு.”

ஓடினாள். நல்ல வகுப்பில் குறுக்குக் கேள்வி கேட்டு வேகத்தைக் கெடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. திரும்பி வந்தபோது கண்ணாடியில் புழுதி. துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

ஜூன் 23, திங்கள்

இசக்கிதேவியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். இப்போது விசிலுக்கு முதலில் விடுவது அவள்தான். அன்றைக்கு விடமாட்டேன் என்று நின்ற அதே கை. பாய்வதிலும் முதல், விடுவதிலும் முதல். தினமும் சாயங்காலம் தனியாக வந்து, “இன்னொரு மட்டம் பாப்பமா மேடம்?” என்று நிற்கிறாள். நானும் ஊதி ஊதிப் பழக்குகிறேன்.

அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறாராம். தேர்வில் இரண்டு தடவை தோற்றாள், இந்தத் தடவையும் தோற்றிருந்தால் வயது வரம்பு தாண்டியிருக்கும். “இது போச்சுன்னா எனக்கு வேற கதவு இல்ல மேடம்” என்றாள். உனக்குக் கதவு எதற்கடி, சுவரையே உடைத்துக்கொண்டு போவாய் என்றேன். சிரித்தாள்.

அப்புறம் பெரிய செய்தி. டி.ஐ.ஜி. மேடம் ஜூலை கடைசியில் வருகிறார். என் ஸ்குவாடின் காட்சிப் பயிற்சியைப் பார்க்கத்தான். பிடித்துப்போனால் மற்ற பயிற்சிப் பள்ளிகளுக்கும் இதையே கொண்டுபோவார்களாம். ராத்திரி அருளப்பனிடம் சொன்னேன். “அப்போ தமிழ்நாடு பூரா என் விசிலு” என்றார். அவருடைய விசிலாம். வாங்கி ஒரு மாசம் ஆகப்போகிறது, இன்னும் சொந்தம் கொண்டாடுகிறார்.

ஜூலை 9, புதன்

வீட்டில் சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. ஒத்திகை அருமை. வேறொன்றும் இல்லை.

ஜூலை 24, வியாழன்

காலை: ஆடி அமாவாசை. மலைக் கோயிலுக்குப் போகும் கூட்டம் பஸ் ஸ்டாண்டில் அலைமோதும். பந்தோபஸ்துக்கு ஆள் போதவில்லை என்று என் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார்கள். முதல் தடவையாகக் காக்கி போட்டு ஜனத்துக்கு நடுவில் நிற்கப் போகிறார்கள். கொம்பையா அண்ணாச்சி கூட்டிக்கொண்டு போகிறார். டி.ஐ.ஜி. வருகைக்கான ஏற்பாடு என்று என்னை இங்கேயே கட்டிப்போட்டுவிட்டார்கள். லாரி கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

பதினோரு மணிபோல அண்ணாச்சி போன் பண்ணினார். பின்னால் ஒரே இரைச்சல். “மேடம், நம்ம இசக்கி நிசக் களவாணிய புடிச்சிட்டா. செயின் அறுத்தவன். அப்படியே, நம்ம காட்சி மாதிரியே.” போனை வைத்துவிட்டு ஓடிப் போய் துணை முதல்வர் ஐயாவிடம் சொன்னேன். ராமையாவைச் சைக்கிளில் அனுப்பி அல்வா வாங்கிவரச் சொன்னேன். கால் தரையில் படவில்லை.

அல்வா வருவதற்குள் அடுத்த போன் வந்தது.

“விட்டுட்டா மேடம்.”

“என்னது?”

“புடிச்சவன விட்டுட்டா. அவன் ஓடிட்டான். செயினும் போச்சு.”

அல்வாப் பொட்டலம் பிரிக்காமல் மேஜையில் இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

யாரோ செல்போனில் எடுத்திருக்கிறார்கள். காலையிலிருந்து ஊரெல்லாம் அதுதான் ஓடுகிறது. கூட்டத்துக்கு நடுவே இசக்கி, அவன் மணிக்கட்டைப் பின்னால் வளைத்து மண்டி போட வைத்திருக்கிறாள். ஒரு தப்புச் சொல்ல முடியாது. திடீரென்று கையை விடுகிறாள். ஓரடி பின்னால் வைக்கிறாள். அட்டென்ஷனில் நிற்கிறாள். அந்தக் களவாணி எழுந்து அவளை ஒரு கணம் உற்றுப் பார்க்கிறான், ஒன்றும் விளங்காமல். அப்புறம்தான் ஓடுகிறான். மேலே எழுதியிருக்கிறது: ‘கொள்ளையருக்கு மரியாதை செலுத்தும் காவல்துறை’. சத்தத்தை எடுத்துவிட்டு ஏதோ சிரிப்பு மியூசிக் போட்டிருக்கிறார்கள்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். முகம் சுண்டிப்போய் நின்றாள்.

“ஏன்டி விட்டே?”

“தெரியல மேடம்.”

“பயந்துட்டியா?”

“இல்ல மேடம். நல்லாத்தான் புடிச்சிருந்தேன். கை தானா விட்டுட்டு.”

கை தானாக விடுமா? ஆத்திரத்தில் கத்திவிட்டேன். சங்கிலியைப் பறிகொடுத்த அம்மாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து அழுகிறாராம். மகள் கல்யாணத்துக்கு எடுத்ததாம்.

ஜூலை 26, சனி

நிலைமை மோசமாகிறது. ஓடியவன் பழைய கேடி. அவன் ஊர் இசக்கியின் ஊருக்குப் பக்கத்து ஊர். போதாதா? விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர், “தெரிஞ்சவன்னு விட்டியா? எவ்வளவு தரேன்னு சொன்னான்?” என்று அவளை உலுக்கியெடுத்துவிட்டார். அவளை ஸ்குவாடிலிருந்து பிரித்து ஆபீஸ் வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறார்கள். 31-ஆம் தேதி டி.ஐ.ஜி. மேடம் வந்ததும் முடிவெடுப்பார்களாம். பயிற்சியிலிருந்து நீக்கம் என்றுதான் பேச்சு.

துணை முதல்வர் ஐயா என்னிடமும் கேட்டார், பயிற்சியில் ஏதும் குறை உண்டா என்று. இல்லை ஐயா, அவள் பதறிவிட்டாள், அவ்வளவுதான் என்றேன். உண்மைதானே, என் பயிற்சியில் எதைக் குறை சொல்வது? பிடித்ததே என் பயிற்சியால்தான்.

வீட்டில் உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன். நாளைக்குத் தோசை இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து மார்க்கெட் போய் சாளை மீன் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அங்கே போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை, சும்மா. இசக்கி நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு பஸ் ரிவர்ஸில் வந்தது. கண்டக்டர் பின்னால் நின்று தட்டிக்கொண்டே வந்தார், வந்து நீளமாக ஊதினார்.

மீன் பை கீழே விழுந்துவிட்டது. கை வியர்த்து வழுக்கியிருக்கும். ஒரு பெரியவர் குனிந்து பொறுக்கித் தந்தார். “ஏம்மா, விறைச்சுப்போய் நிக்கிய? ஒடம்புக்கு முடியலையா?” என்று கேட்டார். வெயில் என்றேன்.

சாளையை மண்ணுப் போக நாலு தண்ணீரில் அலசி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். அருளப்பன் இரண்டாம் தடவை சோறு வாங்கினார். எனக்கு இறங்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

கொம்பையா அண்ணாச்சி கவாத்து முடிந்து என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மேடம், நான் அங்கனதான் நின்னேன். பஸ்ஸு ரிவர்ஸ் எடுத்துச்சு. கண்டக்டர் ஊதினான். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கே வேசத்தக் கலைக்கணும்னு தோணுச்சு. தலையில துண்டு இருக்கான்னு தடவிப் பாத்தேன்.”

“என்ன சொல்ல வாரிய?”

“நான் ஒண்ணும் சொல்லல. இன்ஸ்பெக்டர்ட்டயும் சொல்லல. ஒங்க விசிலுலா. நீங்கதான் சொல்லணும்னு இருக்கேன்.”

வெளியே போங்க என்று கத்தினேன். இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் ஆனவரைப் பார்த்து அப்படிக் கத்தினேன். சல்யூட் அடித்துவிட்டுப் போனார். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினார்.

ஜூலை 29, செவ்வாய்

சபூரா எதிரே வந்தாள். வேறு வழியாகப் போனேன்.

ஜூலை 30, புதன்

காலையில் வராந்தாவைக் கடக்கும்போது இசக்கியின் அம்மா வந்திருந்தார். கையில் டிபன் கேரியர். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். “எம்மா, இவ பொய் சொல்ல மாட்டா. வீட்டுல ஒரு கோழிய புடிச்சாகூட நான் வாங்குதவரைக்கும் விடமாட்டா. என்ன ஆச்சுன்னு நீங்களாச்சும் சொல்லுங்க” என்றார்.

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. நாளைக்குச் சொல்லுதேன் என்று மட்டும் சொன்னேன்.

சும்மா வாயால் சொன்னால் எடுபடாது. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற போதகர் கதை கட்டுகிறாள் என்பார்கள். நானே அந்த இன்ஸ்பெக்டர் என்றால் நம்புவேனா? நம்பமாட்டேன். கண்ணால் பார்க்க வேண்டும்.

அருளப்பனிடம் நாளைக்கு லீவு போடச் சொன்னேன். எதற்கென்றும் சொன்னேன். “ஒனக்கு இந்த டெமோ எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும் ஜெசி. போயிரும் பாத்துக்க.” தெரியும் என்றேன். “அப்போ என் காக்கிச் சட்டைய தேச்சு வை. டி.ஐ.ஜி. முன்னால கசங்கிப்போய் நிக்க முடியாது” என்றார். இந்த மனுஷனை நான் இன்னும் கொஞ்சம் நன்றாக நடத்தியிருக்கலாம்.

ஜூலை 31, வியாழன்

எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

டி.ஐ.ஜி. மேடம் சொன்ன நேரத்துக்கு வந்தார். மைதானத்தின் ஓரத்தில் பந்தல், நாற்காலி. பக்கத்தில் துணை முதல்வர் ஐயாவும் அந்த இன்ஸ்பெக்டரும். பிள்ளைகள் வரிசையில். ஒரு பிள்ளை டீத் தட்டோடு நின்றாள். நான் முன்னால் போய்ச் சல்யூட் அடித்தேன்.

“மேடம், தொடங்குறதுக்கு முன்னால ஒரு அனுமதி. பயிற்சிக் காவலர் இசக்கிதேவியும் இதுல நிக்கணும்.”

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டி.ஐ.ஜி. மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். “நிக்கட்டும்.”

வராந்தாவிலிருந்து இசக்கி வந்தாள். அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பள்ளியில் வேறு யாரிடமும் சொல்லவில்லை, அண்ணாச்சியைத் தவிர. நேற்று சாயங்காலம் அவரிடம் போய் நின்று மன்னிப்பும் கேட்டாயிற்று. “அதெல்லாம் எதுக்கு மேடம், நாளைக்கு எனக்கு வேசம் உண்டா?” என்றுதான் கேட்டார்.

வேஷம் கட்டி வந்தார். செயினை அறுத்தார். ஓடினார். சபூரா குறுக்கே விழுந்து பிடித்தாள், இசக்கி அடுத்த கையை வளைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அவரை மண்ணில் அழுத்தினார்கள். டி.ஐ.ஜி. மேடம் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எத்தனை நாள் கனவு கண்ட கணம் அது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் கழுத்தில் விசில் இல்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து நீளமாக ஒரு விசில் வந்தது.

சபூராவின் கை விட்டது. இசக்கியின் கை விட்டது. இரண்டு பேரும் ஓரடி பின்னால் வைத்து விறைத்தார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அட்டென்ஷன். பந்தலில் டீத் தட்டு விழுந்தது. டி.ஐ.ஜி. மேடத்தின் ஷூவிலெல்லாம் டீ. அந்தப் பிள்ளை கீழே பார்க்கவே இல்லை, நேராகப் பார்த்தபடி நிற்கிறாள். அண்ணாச்சி மெதுவாக எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, கேட் வரைக்கும் நடந்தே போனார். ஒருத்தரும் தடுக்கவில்லை.

டி.ஐ.ஜி. மேடம் குனிந்து ஷூவைப் பார்த்தார்.

“யார் ஊதினது?” என்றார் டி.ஐ.ஜி. மேடம்.

“என் வீட்டுக்காரர் மேடம். டவுன் பஸ் கண்டக்டர்.”

அருளப்பன் தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்து, தேய்த்த சட்டையோடு கும்பிட்டார்.

நான் சொன்னேன். விசில் யாருடையது என்று சொன்னேன். மெஸ்ஸிலும் துவைக்கிற கல்லிலும் ஊதி ஊதிப் பழக்கியதைச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் பஸ் ரிவர்ஸ் எடுத்ததைச் சொன்னேன். கேள்வி கேட்ட சபூராவைக் காட்டி, அவளை ஓடவிட்டதையும் சொன்னேன். இசக்கி பதறிவிட்டாள் என்று ஐயாவிடம் சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

“உங்க முறையக் காட்டுவீங்கன்னு வந்தேன்” என்றார் மேடம்.

“இதுதான் மேடம் முறை. இவ்வளவு நல்லா வேலை செய்யுது. அவ திருடனை விடல, நான்தான் விட வச்சேன்.”

மேடம் எழுந்து சபூராவிடம் போனார். “கேள்வி கேட்டது நீதானே? உனக்குத் தெரியும்ல, இது நடக்கும்னு? அப்புறம் ஏன் விட்டே?”

“தெரியும் மேடம். கைக்குத் தெரியல.”

மேடம் இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் இசக்கியைப் பார்த்து, “ஸ்குவாடுக்குப் போ” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இசக்கி சல்யூட் அடித்துத் திரும்பினாள், வரிசைக்குப் போகும்வரை தாக்குப்பிடித்தாள், அப்புறம் சபூராவின் தோளில் சாய்ந்து உடைந்துவிட்டாள். நானும் அழுதேன். காக்கியில் அழக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான்.

எனக்கு மெமோ வரும். மற்ற பள்ளிகளுக்கு இந்த முறை போகாது. ஆனால் கிளம்பும்போது மேடம் கார் கண்ணாடியை இறக்கி, “நிறுத்த வேண்டாம் ஜெசிந்தா. சரி பண்ணுங்க. மறுபடியும் வருவேன், வேற ஷூ போட்டுட்டு” என்றார்.

அல்வாப் பொட்டலத்தைப் பிரித்தோம். கொஞ்சம் இறுகியிருந்தது. ஒரு துண்டு மிஞ்சவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலைக் கவாத்தில் ஸ்குவாடுக்கு முன்னால் சபூராவைக் கூப்பிட்டேன். உன் கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது என்றேன். அப்புறம் நான் மைதானத்தை ஒரு சுற்று ஓடினேன். பாதியிலேயே இரைத்துவிட்டது. அண்ணாச்சி, “மேடம், முழங்காலத் தூக்குங்க” என்று கத்தினார். அவருக்கு அதில் என்ன ஒரு ஆனந்தம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

செயின் அறுத்தவன் வேறு ஊரில் மாட்டிக்கொண்டான். செயினும் கிடைத்துவிட்டது, அந்த அம்மாளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் ஸ்டேஷனில் கேட்டானாம்: “சார், அந்தப் போலீஸ்காரம்மா ஏன் என்னைய விட்டாங்க? அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல.”

செப்டம்பர் 3, புதன்

புது விதி பிடிபட்டுவிட்டது. இதைக் கண்டுபிடித்தது இசக்கியின் அம்மா, அவருக்கே தெரியாது. அன்றைக்குக் கோழியைப் பற்றிச் சொன்னாரே, வாங்குகிறவரைக்கும் விடமாட்டாள் என்று, அதைத்தான் பிடித்துக்கொண்டேன். இனிமேல் விசில் எதையும் முடிக்காது. பிடித்தவள், வாங்க வருபவளிடம் “உங்க கையில” என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவள் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்த்து “என் கையில” என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் விடலாம். வலி தாங்கவில்லை என்றால் அண்ணாச்சி தன் பெயரைச் சொல்வார், அப்போது பிடியைத் தளர்த்தலாம், விடக் கூடாது.

இதற்கு நடுவில் நான் விசில் ஊதுகிறேன், மணி அடிக்கிறேன், தகரத்தைத் தட்டுகிறேன், அருளப்பனை ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து ஊதச் சொல்கிறேன். முதல் வாரம் பாதிப் பேர் விட்டார்கள். பழகிய கையை மறக்கடிப்பது பழக்குவதைவிடப் பெரும்பாடு. இன்றைக்கு ஒருத்தியும் விடவில்லை. ராமையா, “கரண்டி பொழச்சுது” என்றார்.

சபூரா கையைத் தூக்கினாள். “மேடம், வாங்க வர்றவனே கேடியா இருந்தா?”

அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். அருமையான வகுப்பு.

டிசம்பர் 12, வெள்ளி

பாசிங் அவுட். பிள்ளைகள் உறுதிமொழி எடுத்தபோது எனக்குச் சிலிர்த்தது. டி.ஐ.ஜி. மேடம் வந்திருந்தார், டீ வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். கொம்பையா அண்ணாச்சி மீசைக்குக் கறுப்பு அடித்து வந்திருந்தார். பிள்ளைகள் வரிசையாக அவர் காலில் விழுந்தார்கள், களவாணியின் காலில் போலீஸ் விழுவதை இங்கேதான் பார்க்கலாம் என்றார்.

மத்தியானம் ஊருக்குப் போகிற பஸ்கள் கேட்டுக்கு வெளியே நின்றன. இசக்கி அம்மாவோடு வந்து விடைபெற்றாள். சல்யூட் அடித்தாள். நான் கையை நீட்டினேன், இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவோ கத்தியிருக்கிறேன் இந்தப் பிள்ளையிடம், இப்போது ஒரு சொல் வரவில்லை.

பஸ் புறப்படத் தயாரானது. கண்டக்டர் நீளமாக ஒரு விசில் ஊதினார்.

அவள் கை அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இறுகியது. என் கையும் விடவில்லை, அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

“ஏட்டி, விடு. பஸ்ஸு போயிரும்” என்றார் அவள் அம்மா.

“அவுங்க சொல்லணும்மா” என்றாள் இசக்கி. என்னைப் பார்த்து, “உங்க கையில மேடம்” என்றாள்.

நான் பதிலுக்குச் சொல்ல வேண்டியது இரண்டே சொல்தான். நான் உடனே சொல்லவில்லை. கண்டக்டர் மறுபடியும் ஊதினார். ஊதட்டும்.